புனிதர் ஏறிய ஒழுகல் படகு

பிரான்சின் மேற்கு ஓரத்தில், பிரித்தானி என்ற பகுதியின் கடற்கரையில் ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களின் முன்னோர் அந்த மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. அக்கரையில், இங்கிலாந்தின் கார்ன்வாலில், படைக்குப் பயந்து படகேறி வந்தவர்கள். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு காரியம் செய்தார்கள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் இருந்த குருவின் பெயர் எர்வான். அவருடைய சீடர் கூல்வென் குருவைவிட வயதில் மூத்தவர். ஆயுசு முழுக்கப் படகு ஓட்டிவிட்டு, மனைவி போனபிறகு கோயிலே கதி என்று வந்து சேர்ந்தவர். துறையின் வாயில் முழுக்கப் பாறை. அதில் ஒரு படகை வெளியே கொண்டுபோக அவரை விட்டால் ஆள் கிடையாது.

திருவிழா அன்று காலையில் கூல்வென் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சாமி, நேத்து ஒரு படகு ஒதுங்குச்சே, அதைத் திரும்பக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போய் விட்டுடணுமாம். நான்தான் இழுக்கணுமாம்."

"யார் சொன்னது?"

"ஊர்த் தலைவர் மோர்வான். பவனி முடிஞ்சதும், கடல் உள்வாங்குற நேரம் பார்த்து. மறுத்தா என் மகனை இந்தத் துறையில படகு கட்ட விடமாட்டாங்களாம்."

"படகுல யாரு?"

"கார்ன்வால்காரங்க. வீட்டையெல்லாம் படை கொளுத்திடுச்சாம். பொம்பளைங்க இருக்காங்க, கைக்குழந்தை இருக்கு. கரையில கால் வைக்க விடல. இருக்கிற மீனு நமக்கே பத்தலையாம். அந்தப் படகு ஒழுகுது சாமி, அள்ளி அள்ளி ஊத்துறாங்க. வெளியே கொண்டுபோய் விட்டா பொழுது சாயறவரைக்கும்கூடத் தாங்காது."

கூல்வென் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பொம்பள என்னைப் பார்த்து 'பாரா'ன்னு கேட்டா. ரொட்டி கேட்கிறா. நாமும் ரொட்டியை அப்படித்தானே சொல்றோம்! எங்கம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட அதே சொல்லு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

குருவின் முகம் சிவந்துபோனது.

"வடத்தைக் கட்டுங்க," என்றார்.

"சாமி!"

"கட்டுங்கன்னேன். நான் சொல்றவரைக்கும் துடுப்பைத் தொடாதீங்க."

நீயும் இப்படித்தானா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போய், கூல்வென் தன் படகுக்கும் அந்தப் படகுக்குமாக வடத்தைக் கட்டிவிட்டுத் துடுப்பருகே உட்கார்ந்தார்.

திருவிழா அன்று எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. விரட்டுவதற்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, பாருங்கள்! திருவிழா யாருக்கு? புனிதர் கார்வெலுக்கு. அவரும் அக்கரைக்காரர்தான். கல் தொட்டியில் ஏறி, துடுப்பே இல்லாமல் கடல் கடந்து வந்தார் என்று நம்புகிறார்கள். கல் எப்படி மிதக்கும் என்று அங்கே யாராவது கேட்டுவிட்டு முழு உடம்போடு வீடு திரும்ப முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை அவருடைய மரச் சுரூபத்தைச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிப் பிடிப்பார்கள். பாவம், பிறந்த மண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்த நேரம் பெண்கள் அழுவார்கள். அன்றைக்கும் அழுதார்கள். கூப்பிடு தூரத்தில் அந்தப் படகிலிருந்து குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன நெஞ்சோ!

குரு அங்கியோடு தண்ணீரில் இறங்கினார். சப்பரத்திலிருந்து சுரூபத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆசீர்வாதம் தரப்போகிறார் என்று எல்லாரும் தலை குனிந்தார்கள். அவரோ நேரே நடந்துபோய் அந்த ஒழுகல் படகில் ஏறி, குழந்தை வைத்திருந்தவளுக்குப் பக்கத்தில் புனிதரை நிறுத்தினார்.

"கூல்வென் அண்ணே, இப்போ துடுப்பைப் போடுங்க."

ஊரே ஓவென்று கத்தியது. மோர்வான் இடுப்புத் தண்ணீரில் பாய்ந்து வந்தார்.

"சாமி, உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? புனிதரை எங்கே கொண்டுபோறீங்க?"

"வந்த இடத்துக்கு. அக்கரைக்காரங்க இங்கே இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே முடிவு பண்ணீங்க?"

"அவரும் இவங்களும் ஒண்ணா?"

"என்ன வித்தியாசம்?"

"அவர் நம்ம ஆளு சாமி!"

"எப்போதிலிருந்து?"

படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"ஐயோ, புனிதரோட பாதம் நனையுதே!" என்று சப்பரம் தூக்கியவர்களில் ஒருவன் அலறினான். குழந்தை கழுத்துவரை நனைந்திருந்தது. அது அவன் கண்ணில் படவில்லை.

"சுரூபத்தை மட்டும் இறக்கிக் கொடுத்துடுங்க சாமி," என்று மோர்வான் கெஞ்சினார்.

"தரமாட்டேன். இழுக்கிறதுன்னா படகோட இழுங்க."

கூல்வென் துடுப்பைத் தண்ணீரில் போட்டார். வடம் விறைத்தது. அவ்வளவுதான், சப்பரத்தைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் கடலில் குதித்தார்கள். முட்டி மோதி, படகைப் பிடித்து இழுத்து மணலில் ஏற்றினார்கள். கார்ன்வால்காரர்கள் நடுங்கிக்கொண்டே இறங்கினார்கள். புனிதர் ஏறிவந்த படகைத் திருப்பித் தள்ள அதற்குமேல் யாருக்கும் துணிவு வரவில்லை.

கூட்டம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, துடைத்து, முத்தமிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டது. கரையில் கூல்வென் தன் மேல்சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றிக்கொடுத்தார். அவருக்கு ஆறவேயில்லை.

"சாமி, மரத்துக்காகத்தானே இழுத்தாங்க? இந்த மனுஷங்களுக்காக ஒருத்தன் கை நீட்டல. இன்னும் ஒருத்தன் மனசும் மாறல. இதுல நாம என்ன ஜெயிச்சோம்?"

குரு ஈர அங்கியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அது மாறுறவரைக்கும் குழந்தை தண்ணியிலயா கிடக்கணும்?" என்றார்.