பசியில்லாதவர்களுக்கு மட்டும் சாப்பாடு

அது முன்னொரு காலத்தில். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே ஒரு ராஜா. நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது ஒரு யோசனை சொல்லிவிட்டால் அன்றைக்கே அதைச் செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

ஊர் ஜனங்களுக்காக ராஜா ஒரு தர்ம வைத்தியசாலை நடத்தி வந்தார். அதற்கு ஆகும் செலவு பொக்கிஷக்காரர் அனந்தமூர்த்தியின் கண்ணை உறுத்தியது. வருஷத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, குணமாகி வாசலைத் தாண்டுகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு பணம் என்று கொடுத்தால் வைத்தியர்கள் சுறுசுறுப்பாகிவிடுவார்கள் என்றார். ராஜாவுக்கு உடனே பிடித்துப்போனது.

வைத்தியர்கள் சுறுசுறுப்பானார்கள், பொய் சொல்லக் கூடாது. ஜலதோஷக்காரர்களை வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். மிளகுக் கஷாயம் ஒரு மடக்கு, அடுத்த ஆள். ஆனால் பல்லக்குத் தூக்கும் பெரியகருப்பன் தொடை எலும்பு முறிந்து வந்தபோது கதவு திறக்கவில்லை. எலும்பு ஒன்று சேர மாதக்கணக்காகுமே, அதற்குள் அந்தப் படுக்கையில் எத்தனை தும்மல்காரர்களைப் படுக்கவைத்து எழுப்பலாம்! வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் மனைவி செம்பாயி, அரண்மனை விகடகவி தாண்டவனிடம் ஓடினாள்.

"கால் வீங்கிக் கறுத்துக்கிட்டு வருதுண்ணே. இப்படியே விட்டா ஆளே மிஞ்ச மாட்டாரு."

தாண்டவன் சபையில் விஷயத்தைச் சொன்னான். ராஜா இவன் பேச்சுக்குச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அனந்தமூர்த்திக்கு இதுதான் சமயம்.

"பிரபு, என் திட்டம் இவனுக்குப் புரியவில்லை. இன்றைக்கு அரண்மனைப் பந்தியை இதே விதிப்படி இவனே நடத்தட்டும். சாப்பிட்டு எழுந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு பணம். நேற்றைவிடக் கூடுதலாகக் காட்டாவிட்டால் சபையை விட்டே போகட்டும்."

ராஜா சரி என்றார். தாண்டவனும் சரி என்றான், பந்தி முடியும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டு.

மத்தியானம் இலை போட்டார்கள். ராஜாவும் உட்கார்ந்தார். தாண்டவன் கூட்டி வந்ததோ, கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு வந்த கும்பல், பல் முளைக்காத குழந்தைகள், விரதக்காரர்கள். ஆளுக்கு ஒரு கரண்டி ரசம், எழுந்திரு, அடுத்த இலை. அனந்தமூர்த்தி மூலையில் நின்று குஷியாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து வெண்டைக்காய் வதங்கும் வாசனை வந்தது. ராஜாவின் இலையில் தண்ணீர் தெளித்ததோடு சரி.

"தாண்டவா, என் இலையில் உப்புகூட விழவில்லையே."

"தப்பா எடுத்துக்கக் கூடாது, மகாராஜா. தங்களுக்கு நல்ல பசி. சாம்பாரு, மோர்க்குழம்பு, ரெண்டாந்தடவை பாயசம்னு தாங்கள் எழுந்திரிக்க நேரமாகும். அதுக்குள்ள இந்த எடத்துல அரைப் பந்தி உக்காந்து எழுந்திரிச்சிடும். வேற சமையல்கட்டு பாத்துக்கங்க."

"பசிக்கிறவனுக்குத்தானே சமையல்கட்டு?"

"பசிக்கிறவங்கதான் நமக்கு நஷ்டம், மகாராஜா."

இது ஒன்றும் காதில் விழாத அனந்தமூர்த்தி பெருமையாக வந்து நின்றார்.

"பிரபு, நேற்றைவிட மூன்று மடங்கு. ஒருவர்கூட இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை."

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்து, தனக்குச் சோறு போடுவதற்கு முன்னால் பெரியகருப்பனைக் கொண்டுபோய்ப் படுக்கையில் சேர்க்கச் சொன்னார்.

பொக்கிஷக்காரர் விடவில்லை. படுத்திருக்கும் நாளுக்குத் தக்கபடி பணம் கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

"அப்ப ஜலதோஷக்காரன் ஆறு மாசம் படுத்திருப்பான், ஐயா," என்றான் தாண்டவன். "முன்ன மாதிரி மொத்தமாவே குடுங்க, மகாராஜா. ஆனா அந்தப் பணத்தை அளந்து குடுக்கிறவருக்கு ஒடம்பு முடியலன்னா, அரண்மனை வைத்தியர் கெடையாது. அவரும் அந்தத் தர்ம வைத்தியசாலையிலயேதான் படுக்கணும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே ஆகட்டும் என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார்.

அன்று சாயங்காலமே பொக்கிஷக்காரர் வைத்தியசாலைக்குப் போய், ஒவ்வொரு மெத்தையாக அழுத்திப் பார்த்து, பஞ்சு போதாது என்று வைத்தியர்களைக் கோபித்துக்கொண்டாராம்.