விகடர் வீட்டில் அடுப்பு இல்லை

புது வீட்டில் எனக்கென்று ஒரு கதவு இருக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். யார் வந்திருக்கிறார்கள், எத்தனை இலை என்று யாரும் அந்தக் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டிருந்தவள் பெயர் தையல்நாயகி. நினைக்கும்போது அவள் கை புளி கரைத்துக்கொண்டிருந்தது. முன்னொரு காலத்தில், ராசாவுக்கு ஒன்று தோன்றினால் ஊரே எழுந்து நிற்க வேண்டியிருந்த ஒரு நாட்டில், அரசவை விகடர் பிச்சாண்டிக்கு அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

பிச்சாண்டி வாயைத் திறந்தால் அவை சிரிக்கும். அதனால் அயல்நாட்டிலிருந்து வரும் தூதர், வணிகர், புலவர் யாரானாலும் அரண்மனை விருந்தை விட்டுவிட்டு விகடர் வீட்டில் சாப்பிடத்தான் ஆசைப்பட்டார்கள். பதினோரு வருடமாக வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு அது. தையல்நாயகி சமைத்தாள், பரிமாறினாள், கதவு நிலையில் நின்று மோர் ஊற்றும் முறைக்காகக் காத்திருந்தாள். காத்திருக்கையில் காதில் விழுந்ததற்கெல்லாம் மனதுக்குள் பதில் சொன்னாள். சில சமயம் அது வாய்க்கும் வந்துவிடும்.

ஒருமுறை வடக்கே இருந்து வந்த ஒரு தூதர், "எங்கள் நாட்டில் விருந்தினரைப் போகவே விட மாட்டோம்" என்று பெருமை பேசினார். ரசம் எடுக்க உள்ளே வந்த கணவனிடம், "அதான் தப்பிச்சு இங்க வந்துட்டாரு போல" என்றாள் தையல்நாயகி. மறுநாள் பிச்சாண்டி அதை அவையில் சொன்னான். ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். அவள் அதைக் கேள்விப்பட்டபோது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோபம் வரவில்லை. கல்லும் அரிசியும் ஒரே நிறத்தில் தெரிந்தன, அவ்வளவுதான்.

வீடு என்ற பேச்சு புகையால் வந்தது. கீழை நாட்டுத் தூதர் ஒருவர் விகடர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவைக்கு வந்தார். ஈர விறகு. ராசா ஏன் என்று கேட்க, "விகடரின் அன்பில் அழுதுவிட்டேன், அரசே" என்றார் தூதர். அவை சிரித்தது. ராசாவுக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது.

"பிச்சாண்டி, உனக்கு ஒரு வீடு கட்டித் தருகிறோம். எந்த நாட்டார் வந்தாலும் மனம் குளிர்ந்து தங்க வேண்டும். உனக்கு எப்படி வேண்டுமோ அப்படிக் கட்டிக்கொள்" என்றார்.

பிச்சாண்டி வீட்டுக்கு ஓடி வந்தான். "தையலு, எப்படி வேணுமோ அப்படிக் கட்டிக்கலாமாம். விருந்தாளிக்கு என்ன வேணும்னு உனக்குத்தானே தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. கோலப்பொடியை எடுத்துத் தரையில் வீடு வரைந்தாள். நுழைந்ததும் கால் கழுவ இடம், ஆனால் ஈரம் உள்ளே வராதபடி ஒரு திருப்பம். விருந்தாளிகள் பெரிய கூடத்தைப் புகழ்வார்கள். உண்மையில் அவர்கள் தேடுவது, சாப்பிட்டபின் யாரும் பார்க்காமல் இடுப்புத் துணியைத் தளர்த்திக்கொள்ள ஒரு மூலை. அந்த மூலையை வைத்தாள். முழங்கால் வலிக்காரருக்காகப் படியில்லாத ஒரு வழி. இருமுபவரும் குறட்டை விடுபவரும் அடுத்தடுத்துப் படுக்காதபடி அறைகள். அடுப்புக்கு எதிரே, நின்றால் கண்ணுக்கு நேராக ஒரு சன்னல். எல்லாம் வரைந்தபின் கொல்லைப் பக்கம் மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டாள். அகலத்தில் நாலடி, நீளத்தில் ஆறடி. கதவை வரைந்தாள். தாழ்ப்பாளை உட்புறம் வரைந்தாள்.

"இது யாருக்கு?" என்றான் பிச்சாண்டி.

"எனக்கு."

"உனக்கு எதுக்குத் தனி அறை? வீடு முழுக்க உன்னதுதானே."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். வீடு முழுக்க என் வேலை என்று நினைத்தாள். சொல்லவில்லை. சொன்னால் அதுவும் நாளைக்கு அவைக்குப் போய்விடும்.

அரசவைப் பிரதானி திருமலைக்கொழுந்துக்குத் தூக்கம் போயிருந்தது. அவரும் ராசாவுக்கு முப்பது வருடம் உழைத்தவர். அவருக்குக் கிடைத்ததெல்லாம் வேலை; பிச்சாண்டிக்குக் கிடைத்தது மாலை. இப்போது வீடும்.

முதலில் மனையைக் காட்டினார். தம் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால், பொதுச் சுவரை ஒட்டிக் கிடந்த குறுகிய மனை. "விகடர் எங்கள் அண்டையில் இருப்பது எங்கள் பாக்கியம்" என்றார். பிறகு ராசாவின் அருகில் போய்ப் பணிந்து பேசினார்.

"அரசே, சாதாரண வீட்டை எந்தக் கொத்தனும் கட்டுவான். விகடரின் அறிவுக்கு ஏற்ற வீடாக இருக்க வேண்டாமா? அந்த வீட்டில் அமர்ந்திருக்கும் விருந்தினர் கண்ணில் புகை படக்கூடாது. அரைக்கும் ஓசை காதில் விழக்கூடாது. தாளிக்கும் நெடி மூக்கில் ஏறக்கூடாது. ஆயினும் சோறு இலையில் விழும்போது ஆவி பறக்க வேண்டும். இதைச் செய்ய இயலாதவர் விகடர் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போகட்டும்."

ராசாவுக்குப் பிடித்துவிட்டது. அவருக்குப் பிடிப்பவை எல்லாம் வேறு யாராவது செய்ய வேண்டியவையாகவே இருந்தன. "மூன்று மாதம்" என்றார்.

பிச்சாண்டி வீட்டுக்கு நடந்து வந்தான், இம்முறை ஓடவில்லை. அடுப்பைப் பக்கத்தில் வைத்தால் புகை, தள்ளி வைத்தால் சோறு ஆறும், தள்ளி வைக்கவும் மனையில் இடமில்லை. அரண்மனைத் தச்சர் மனையை அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து, கொல்லைப் பக்கத்துச் சின்னக் கோலப்பொடிக் கட்டத்தைக் காலால் தேய்த்தார். "இது போனா இன்னும் ரெண்டு பேர் படுக்கலாம்மா" என்றார்.

"தையலு, ஏதாவது சொல்லேன்" என்றான் பிச்சாண்டி. பதினோரு வருடத்தில் அவன் இப்படி நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. 

நான்காம் நாள் மத்தியானம், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், "சமையற்கட்டே வேண்டாம்" என்றாள்.

"என்னது?"

"அடுப்பே இல்லாத வீட்டுல புகை ஏது? அம்மி இல்லைன்னா ஓசை ஏது? அந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னுதானே ராசா சொன்னாரு. பக்கத்து வீட்டைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"சோத்துக்கு?"

அவள் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சமையற்கட்டு போனா அந்த இடம் மிச்சம்" என்றாள் அவள், அவன் சிரிப்பு அடங்கியதும். "அங்க என் அறை."

"கட்டிக்கோ, தாராளமா கட்டிக்கோ."

அவள் சொன்னது இது. அந்த ஊர்ப் பெண்களுக்குள் ஒரு முறை இருந்தது. எதிர்பாராமல் விருந்தாளி வந்து, இலையும் போட்டு, வீட்டில் சோறு போதவில்லை என்றால், ஒருத்தி கொல்லைச் சுவரோரம் போய் "இலை போட்டாச்சு" என்று மெதுவாகச் சொல்வாள். அவ்வளவுதான். அண்டை வீட்டுக்காரி தன் அடுப்பில் இருப்பதை அப்படியே எடுத்துத் தர வேண்டும். யாருக்கு என்று கேட்கக் கூடாது, பிறகு சொல்லிக்காட்டக் கூடாது. பெண் குரலில் கேட்டால்தான் தர வேண்டும். வருடத்தில் ஒருமுறை கேட்டால் அதிகம். கேட்கும்போது உடம்பு கூசும். ஆண்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது. இலையில் சோறு குறைந்ததில்லை, அதனால் அவர்கள் கேட்டதுமில்லை.

வீடு எழுந்தது. பிரதானி இரண்டு தரம் வந்து பார்த்தார். சமையற்கட்டுக்கு இன்னும் இடமே விடவில்லை என்று கண்டு திருப்தியோடு போனார். அவர் கண்ணில் படாதது பொதுச் சுவரில் ஒற்றைப் பலகை போட்ட ஒரு சின்னச் சன்னல். அவர் வீட்டுப் பக்கம் அது சமையற்கட்டின் பின்புறம் திறந்தது. அங்கே அவர் போனதே இல்லை.

அவர் மனைவி ஆவுடையம்மாள் பார்த்தாள். "இது எதுக்கு, தையலு?" என்றாள்.

"காத்துக்கு, அக்கா."

"வச்சுக்கோ. எனக்கும் பேச ஆள் ஆச்சு" என்று ஆவுடையம்மாள் சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபின்னும் தையல்நாயகி கொத்தனிடம் சன்னலை மூடச் சொல்லவில்லை. அவள் அறையின் தாழ்ப்பாள் அன்றுதான் கொல்லன் பட்டறையிலிருந்து வந்திருந்தது. அதை இழுத்தும் தள்ளியும் பார்த்துக்கொண்டே அன்றைய பொழுதைக் கழித்தாள்.

சோதனை நாளும் வந்தது. ராசாவும் கீழை நாட்டுத் தூதரும் பிரதானியும் இன்னும் நாலு பேரும் கூடத்தில் அமர்ந்தார்கள். தூதர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றுமில்லை. காதைத் தீட்டினார். கூரையில் அணில் ஓடும் சத்தம். ஏழு இலை போட்டாயிற்று. பிரதானி தமக்குள் புன்னகைத்துக்கொண்டார்.

தையல்நாயகி சன்னலுக்குப் போய்ப் பலகையை நீக்கினாள்.

"இலை போட்டாச்சு, அக்கா."

அந்தப் பக்கம் ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு பாத்திரங்கள் வந்தன. கொதிக்கும் சோற்றுப் பானை, குழம்பு, கூட்டு, அப்பளக் கூடை. கடைசியாகப் பாயசம். ஏலக்காயும் முந்திரியுமாக, நாள்கிழமைப் பாயசம். உருளியின் விளிம்பைப் பிடித்திருந்த ஆவுடையம்மாளின் விரல்கள் சூட்டில் சிவந்திருந்தன. கேட்கக் கூடாததை அவள் கேட்கவில்லை. "பேறுகாலத்துக்கு மக வந்திருக்கா" என்று மட்டும் சொன்னாள். "கை கழுவிட்டு உட்கார்ந்திருக்கா." உருளியைக் கைமாற்றிவிட்டு, "காத்துக்குன்னியே, தையலு" என்றாள்.

கூடத்தில் ஆவி பறந்தது. ராசா சோற்றைத் தொட்டு விரலை உதறினார். உண்டு முடிக்கும்வரை பொறுக்க முடியாமல், "சமையற்கட்டைக் காட்டு, பிச்சாண்டி" என்று பாயசத்துக்கு நடுவிலேயே எழுந்துவிட்டார்.

"அரசே, இந்த வீட்டில் சமையற்கட்டே கிடையாது. புகையில்லா வீடு வேண்டும் என்று தாங்கள் கட்டளையிட்டீர்கள். புகைக்குக் காரணமானதை அடியேன் கட்டவில்லை. உணவோ, பிரதானியாரின் இல்லத்திலிருந்து வருகிறது. இலை போட்டாயிற்று என்று சொன்னால் அண்டை வீட்டார் மறுக்கக் கூடாது என்பது ஊர் முறை. சூடு ஆறாத தூரத்தில் மனை தேடித் தந்தவரும் அவரே."

ராசா சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூதர் சிரித்தார். "பிரதானி, நீர் விரித்த வலையில் நீரே சோறு வடிக்கிறீர்" என்றார் ராசா. இனி நாட்டுக்கு வரும் விருந்தினர் அனைவருக்கும் இப்படியே நடக்கட்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். பிச்சாண்டிக்குப் பட்டுச் சால்வையும் பொற்கடகமும் கிடைத்தன.

பிரதானியின் முகம் கறுத்தது. கொஞ்ச நேரம்தான். "எம் இல்லத்து உணவு அரசரின் விருந்தினருக்கு உகந்ததென்றால் எமக்கும் பெருமையே" என்றார். சொல்லிவிட்டுப் பார்த்தால் அது பெருமையாகவே இருந்தது. அவரும் சிரிப்பில் சேர்ந்துகொண்டார். அடுப்பில் நிற்கப்போவது அவர் இல்லையே.

தோற்றவர் யார் என்று தையல்நாயகி அந்தச் சிரிக்கும் முகங்களில் தேடினாள். அங்கே யாரும் தோற்றிருக்கவில்லை.

ராசா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மூலையையும் படியில்லாத வழியையும் மெச்சினார். கடைசியில் அந்தச் சின்ன அறைக்கு வந்தார். "இது என்ன?"

"விருந்தினர் தாம்பூலம் போட்டுக்கொண்டு சாய்ந்துகொள்ள, அரசே" என்றான் பிச்சாண்டி. அவன் யோசித்துச் சொல்லவில்லை. எதையும் விருந்தினருக்கென்று சொல்லிச் சொல்லி அவன் நாக்குக்கு அது பழகியிருந்தது.

"என் அறை" என்றாள் தையல்நாயகி.

ராசா திரும்பிப் பார்த்தார். பதினோரு வருடமாக அவள் சமைத்ததைப் புகழக் கேட்டவர், அவள் குரலை இப்போதுதான் கேட்டார். அவருக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

"உன்னுடையதாகவே இருக்கட்டும், அம்மணி. செப்பேட்டில் எழுதித் தரச் சொல்கிறோம். இந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், நாமும் தட்ட மாட்டோம். விருந்தினர் வரும்போது சன்னலில் நின்று அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு நீ உள்ளே போய்விடலாம். வேறு வேலையே உனக்கில்லை. இப்போதுகூடத் தூதருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டுமாம். போய்ச் சொல்லம்மா."

பிச்சாண்டி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கேட்டது கிடைத்துவிட்டது பார் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது.

அவள் அறையைப் பார்த்தாள். தரை இன்னும் முழுதும் காயவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அத்தனை தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் ஒருத்தி விறகைத் தள்ளுவாள். இத்தனை விருந்தாளிகளுக்கு நடுவே அந்த ஓசை இந்த அறையில் மட்டும் கேட்கும்.

சன்னலுக்குப் போனாள். அந்தப் பக்கம் ஆவுடையம்மாள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள், மறுபடி குரல் வரும் என்று தெரிந்தவள்போல. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சன்னலோரம் இருந்த உருளியில் மிச்சமிருந்த பாயசத்தை அவளிடமே நீட்டிவிட்டு, தையல்நாயகி பலகையை இழுத்து மூடினாள்.

கூடத்துக்குத் திரும்பியிருந்த ராசாவின் எதிரே வந்து நின்றாள்.

"சொல்ல மாட்டேன், ராசா" என்றாள். "அறையும் வேண்டாம்."

குரலை உயர்த்தவில்லை. அதனால் தூதருக்கு அது கேட்கவில்லை. அவர் இலையை மடிக்காமல் பாயசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்.