மூன்று பேர் தூக்கிய பல்லக்கு

முன்னொரு காலத்தில் நெல்லிவனம் என்கிற சீமையை வண்ணமுடி ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, சாயங்காலம் வேறொரு ஆசை. ஒருநாள் கொலுமண்டபத்தில் நாட்டியம் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று முகத்தைச் சுளித்தார்.

“அந்தப் பெண் ஆடிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போய்விடுகிறாள். திரும்பி வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதற்கு இந்தத் தூண்?”

அரண்மனை அலங்கார அதிகாரி சபாரஞ்சித ராயர் துள்ளி எழுந்தார். “நானே சொல்ல நினைத்தேன் மகாராஜா! மண்டபத்துக்கு நாலு தூண் இருக்கிறது. மூன்று போதாதா? இது சும்மா நிற்கிறது. இடித்துவிடலாம்.”

கொத்தனாரை வரவழைத்தார்கள். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார், விட்டத்தை அண்ணாந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். “மேலே மாடி இருக்குதே சாமி...”

“வேலை செய்யச் சோம்பல் என்று சொல்லுமேன்!” என்றார் ராயர். கொத்தனார் வாயை மூடிக்கொண்டார்.

மண்டப வாசலில் நின்ற பேச்சிமுத்துவால் வாயை மூட முடியவில்லை. ராஜாவின் பல்லக்குத் தூக்கிகளில் அவன்தான் மூத்தவன். அந்தத் தூணுக்கு நேர் மேலே பூக்கட்டும் அறை இருக்கிறது. இருபது பெண்கள் அங்கே உட்கார்ந்து கோயிலுக்கு மாலை கட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்தி அவன் பெண்சாதி பூவாயி.

“மகாராஜா, அது சும்மா நிக்கல. சுமந்துக்கிட்டு நிக்குது.”

ராயருக்கு ஏற்கெனவே அவன்மேல் எரிச்சல். பல்லக்கில் போகிற வழியெல்லாம் ராஜா அவனோடுதானே பேசிக்கொண்டு போகிறார்! “டேய், நீ எப்போதடா கட்டட சாஸ்திரம் படித்தாய்?”

“படிக்கல சாமி. தோள்ல காய்ச்சிருக்கு.”

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி. அது என்ன சுமக்கிறது என்று நாளை உச்சிவேளைக்குள் எனக்குக் காட்டு. காட்டினால் தூண் நிற்கும். இல்லையென்றால் தூணும் போகும், உன் வேலையும் போகும்.”

மறுநாள் காலை ராஜா கோயிலுக்குக் கிளம்பினார். முற்றத்தில் பல்லக்கு தயாராக இருந்தது. நாலு மூலைக்கு நாலு ஆள். பேச்சிமுத்து தன் மூலைக்குக் கீழே மட்டும் இரண்டு கட்டு வைக்கோலைப் பரப்பி வைத்திருந்தான்.

“மகாராஜா, என் தலைப்பாகை தெருவை மறைக்குதுன்னு அடிக்கடி சொல்வீங்களே, இன்னைக்கு நான் விலகிக்கிறேன். நாலுக்கு மூணு போதும்னு ராயர் சாமியே சொல்லிட்டாரு. முதல்ல அவரு ஏறிப் பார்த்துட்டா உங்களுக்கும் நிம்மதி.”

ராயருக்கு அந்தப் பல்லக்கின்மேல் பல வருஷமாகக் கண். ராஜா, “ஏறுமேன் ராயரே!” என்றதும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு ஏறினார். திண்டில் சாய்ந்து, மீசையை நீவி, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

நாலு பேரும் தூக்கினார்கள். பேச்சிமுத்து மெல்லத் தோளை உருவிக்கொண்டு விலகினான்.

அவ்வளவுதான். அந்த மூலை இறங்கியது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளாடினார்கள். முதலில் திண்டு உருண்டது, அப்புறம் வெற்றிலைப் பெட்டி, அப்புறம் ராயர். பாதி உடம்பு வெளியே, கை இரண்டும் திரைச்சீலையில்.

“டேய் பேச்சி! தோளைக் கொடுடா! விழப்போறேன்டா!”

“நான் சும்மா நின்னவன்தானே சாமி?”

“எவன்டா சொன்னான் சும்மான்னு? நீதானடா தாங்கிட்டு இருந்தே!”

திரைச்சீலை கிழிந்தது. ராயர் வைக்கோலில் போய் விழுந்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“பேச்சிமுத்து, தூணுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?”

“நீங்களே வந்து பாருங்க மகாராஜா.”

ராஜா மாடி ஏறினார். மடி நிறையப் பூவோடு இருபது பெண்களும் பதறி எழுந்தார்கள். “இத்தனை பேரா?” என்று கேட்டார். பிறகு, “அரண்மனையில் எதையாவது மாற்றுவதென்றால் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?” என்றார்.

பூவாயிதான் பதில் சொன்னாள். “மழை பெஞ்சா இந்த அறை ஒழுகுது மகாராஜா. மாடிப்படியில மூணாவது கல்லு ஆடுது. நீங்க ஏறினப்பவே ஆடியிருக்குமே?”

“ஆடியது. நான்தான் ஆடுகிறேன் என்று நினைத்துவிட்டேன். ஏனம்மா, இதை யாரிடமும் சொல்லவில்லையா?”

“ராயர்கிட்ட நாலு தடவை சொன்னோம். அதெல்லாம் யாரு கண்ணுக்கும் தெரியாத வேலை, செஞ்சா எனக்கு என்ன பேருன்னு கேட்டாரு.”

ராஜா கொத்தனாரைக் கூப்பிட்டார். “முதலில் அந்தப் படி. அடுத்து இந்தக் கூரை. தூணைத் தொடாதே.” சொல்லிவிட்டு ஏக்கமாகக் கேட்டார்: “அப்படியானால் என் நாட்டியம்?”

பேச்சிமுத்துவும் மூன்று கூட்டாளிகளும் கீழே போய்ச் சிம்மாசனத்தைத் தூக்கி ஐந்தடி இடப்பக்கம் வைத்தார்கள். ராஜா உட்கார்ந்து பார்த்தார். மேடை முழுசாகத் தெரிந்தது.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் மகாராஜா.”

ராஜா தன் பட்டுச் சால்வையைப் பேச்சிமுத்துவின் காய்த்த தோளில் போர்த்தினார். “இனி இந்த அரண்மனையில் ஒரு செங்கல்லை அசைப்பதென்றாலும் இவனைக் கேட்க வேண்டும். மேலே இருப்பவரைக் கேட்க வேண்டும், கீழே இருப்பவரையும் கேட்க வேண்டும். ராயரே, கூரை வேலை முடியும்வரை கொத்தனாருக்கு நீர்தான் சுண்ணாம்புக் கூடை சுமப்பீர்.”

“நான் ஒருத்தனா மகாராஜா?” என்றார் ராயர், தலையில் ஒட்டிய வைக்கோலோடு.

“ஒருவர் போதாதா?” என்றார் ராஜா.

அந்த வருஷம் அடைமழை. மேலே இருந்தவர்கள் நனையாமல் இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் நசுங்காமல் இருந்தார்கள்.