நிமிர்ந்த எழுத்து

முன்னொரு காலத்தில், பேர் தெரியாத ஒரு நாட்டு அரசவையில், விகடக்காரன் காடனுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தான். அங்கே உட்காரும் உரிமை அரசனுக்கு மட்டும்.

முந்தின நாள் அவன் ஒரு கேலி பேசிவிட்டான். “மகாராஜா, உங்கள் நாட்டு எழுத்துகளும் மந்திரிகளைப் போலத்தான். எல்லாம் வளைந்து கும்பிடுகின்றன.” சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை.

“இனி எழுத்து நிமிர்ந்து நிற்கட்டும். சுழி, கொம்பு, வளைவு எதுவும் ஆகாது. எல்லாம் நேர்கோடு. பழைய ஓலைகளையும் திருத்துங்கள்” என்றான்.

ஓலைகளுக்கு முத்திரை வைக்கும் மழவராயருக்குக் காடனைக் கண்டாலே ஆகாது. “உத்தரவு. இதைக் காடனே முன்னின்று முடிக்கட்டும். ஓலையைக் கிழிப்பவனின் கட்டைவிரலை வாங்கிவிடலாம்” என்றார்.

காலையில் முதல் ஆளாக எழுத்தன் நக்கன் வந்தான். “சாமி, பனையோலை நரம்பு நீளவாக்குல ஓடுது. நேர்கோடு இழுத்தா பொளந்துக்கும். அதுக்குத்தான் சுழிச்சு சுழிச்சு எழுதறோம்” என்று கெஞ்சினான்.

“சாக்குச் சொல்லாதே. எழுது” என்றார் மழவராயர்.

எழுதினான். பிளந்தது. காடன் வாயைத் திறப்பதற்குள் விரல் போய்விட்டது.

பின்னால் இன்னும் ஆறு எழுத்தர்கள் நின்றார்கள். ஒருவன் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனான்.

காடன் பழைய ஓலைகள் இருந்த பெட்டியைக் கிளறி ஓர் ஓலையை எடுத்தான். “மகாராஜா, பழைய ஓலை திருத்துவதைப் பெரியவர்களிடமிருந்து தொடங்குவதே மரியாதை. இது மழவராயருக்குப் பத்து ஊர் எழுதிக்கொடுத்த ஓலை. இந்தப் பயல்கள் கையை நம்ப முடியாது. அவரே திருத்தட்டும்.”

“சரிதான். எழுதும், மழவராயரே” என்றான் அரசன்.

எழுத்தாணி பிடித்தறியாத கை அது. முதல் சுழியின் மேல் கோடு இழுத்தார். சர்ரென்று நுனிவரை பிளந்து, பத்து ஊரும் இரண்டு கீற்றாகத் தொங்கின. மழவராயர் கட்டைவிரலை மேல்துண்டுக்குள் ஒளித்தார். “ஓலைக்கு நரம்பு... நீளவாக்கில்...” என்று குழறினார்.

“நக்கனும் அதைத்தான் சொன்னான். ஒளிக்க அவனிடம் மேல்துண்டு இல்லை” என்றான் காடன்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். “போதும், பழையபடியே எழுதுங்கள்” என்று சொல்லித் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காடனுக்குப் போட்டான். மழவராயரின் விரலை யாரும் கேட்கவில்லை.

காடன் நக்கன் வீட்டுக்குப் போய்ச் சங்கிலியை நீட்டினான். நக்கன் துணி சுற்றிய கையை மடியில் வைத்திருந்தான்.

“ஆறு பேரைக் காப்பாத்திட்டியாமே. நல்லது. இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய? எழுத்தாணி பிடிக்குமா?”

காடன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“நேத்து உன் பேச்சுக்குச் சபையே சிரிச்சுதாம்” என்றான் நக்கன்.

சங்கிலியை வாசற்படியில் வைத்துவிட்டுக் காடன் திரும்பினான். கடன் அப்படியே இருந்தது. அவன் நக்கனுக்குத் தரவேண்டியது ஒரு வலது கட்டைவிரல்.