ஒளிராத இழை

“இந்த இதயச் செல்லுங்க எதையும் இழுக்கலை மேடம். நான் ஆராய்ச்சியை விட்டுட்டு ஊருக்கே போறேன்.”

தணிகாசலத்துக்கு வயது ஐம்பது. நல்ல கல்லூரி வேலையை உதறிவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ஜெசிந்தாவோ அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா என்று மனுஷர் இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை. வீம்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை!

வேலை இதுதான். இதயச் செல் ஒன்று துடிக்கும்போது தன் அடித்தரையை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று அளக்க வேண்டும். அத்தனை சின்ன இழுப்பை எந்தத் தராசு காட்டும்? அதனால் கண்ணாடித் தட்டில் டி.என்.ஏ. இழைகளை மடித்து நட்டிருந்தார்கள். செல் இழுத்தால் மடிப்பு விரிந்து ஒளிரும். விட்டால் மடிந்து அணைந்துவிடும்.

ஆறு மாதமாகத் தணிகாசலம் கண்டது வெறும் இருட்டு.

“செல்லைத் தட்டுல விட்டப்புறம் என்ன சார் செய்வீங்க?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“ஒட்டிக்கிட்டதும் ஃபார்மலின் ஊத்துவேன். அப்புறம்தான் மைக்ராஸ்கோப்.”

“ஃபார்மலின் எதுக்கு?”

“துடிச்சுக்கிட்டே இருக்கே மேடம், சனியன்! படம் கலங்கிப்போகுது. இதை ஊத்தினா அப்படியே நின்னுடும். பாருங்க, எவ்வளவு துல்லியமா இருக்கு!”

நீட்டிய படத்தை ஜெசிந்தா வாங்கவில்லை.

“கையைக் கொடுங்க சார்.”

கொடுத்தார். ஜெசிந்தா நாடி பிடித்தார். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

“எண்ண முடியலை சார். ரொம்ப அசையுது. கொஞ்சம் நிறுத்துங்க.”

“நான் அசையவே இல்லையே?”

“கையைச் சொல்லலை. இதயத்தை நிறுத்துங்க. நிதானமா எண்ணிக்கிறேன்.”

தணிகாசலம் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“ஐயோ, நான்தானா? எல்லாத்தையும் நானேதான் கொன்னு...”

படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

ஜெசிந்தா செல்களை உயிரோடு வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து, ஃபார்மலின் ஊற்றாத ஒரு தட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். தட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

தணிகாசலம் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

இருட்டு.

பிறகு ஒரு பொட்டு வெளிச்சம். அணைந்தது. மறுபடி வந்தது.

“படம் எடுக்கலையா சார்?”

“இருங்க மேடம்,” என்றார் தணிகாசலம். “முதல்ல பாத்துக்கறேன்.”