பெட்டியில் பழுது இல்லை

திண்டுக்கல்லில் பிலோமினா டீச்சரிடம் கீபோர்டு கற்றுக்கொள்ள வந்தவர்களில் கோட்டைச்சாமிதான் வயதில் மூத்தவர். டீச்சருக்கு நாற்பத்திரண்டு. அவருக்கு ஐம்பத்தேழு. மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறி இறங்கியவர். காய்த்துப்போன விரல்களை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தார். டீச்சர் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவார். தவறாக வாசித்தால் அண்ணன் என்றும் பார்க்க மாட்டார்.

டீச்சர் பதினெட்டு வருடம் இன்னிசைக் குழுவில் வாசித்தவர். ஒரு பக்கம் டிரம்ஸ், மறுபக்கம் ஆளுயர ஸ்பீக்கர், நடுவில் அவர். அப்படி ஊர் ஊராகப் போய்வந்துவிட்டு, இப்போது தன் வீட்டு மாடி அறையில் வகுப்பு எடுத்தார்.

அந்த அறையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பெட்டி. கீபோர்டிலிருந்து ஒரு வயர் போட்டால் போதும், பாடும்.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் சொன்னார்.

"அண்ணே, பெட்டி கரகரங்குதுன்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. கரண்டு ஆளு நீங்க, என்னன்னு பாருங்களேன். ஞாயித்துக்கிழமை சர்ச் மண்டபத்துல வாசிக்கணும்."

குருவே தன்னிடம் ஒரு வேலை கேட்டதில் கோட்டைச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே பை நிறையச் சாமான்களோடு வந்துவிட்டார்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கீபோர்டின் அடிக்கட்டையிலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். நான்காவது கட்டைக்கு ஏதோ கடகடவென்றது. எழுந்து தேடினார். பெட்டி இல்லை, பீரோவின் கண்ணாடிக் கதவு. இடுக்கில் ஒரு அட்டையை மடித்துச் செருகினார். சத்தம் நின்றது. புதன்கிழமை பெட்டியின் முன்பக்க வலையில் இரண்டு ஸ்க்ரூ கழன்றிருப்பதைக் கண்டுபிடித்து முடுக்கினார். வயரை ஆட்டினால் கரகரத்தது. வேறு வயர் போட்டார். பெட்டிக்கு அடியில் ரப்பர் விரித்தார். மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி சுத்தமாக வந்தது.

வியாழக்கிழமை டீச்சர் வந்து உட்கார்ந்து வாசித்தார். முதல் வரியிலேயே சத்தம் துணி கிழிகிற மாதிரி உடைந்தது.

கோட்டைச்சாமி பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்தார். டீச்சர் அழுத்தும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. தாங்காது என்று பெட்டி சொல்லும் அடையாளம் அது. கீபோர்டில் சத்தம் முழுசாக வைக்கப்பட்டிருந்தது. பெட்டியிலும் முழுசு.

இவ்வளவுதானா என்று நினைத்து இரண்டையும் குறைத்தார். விளக்கு அணைந்தது. ஸ்வரம் சுத்தமாக வந்தது.

"சரியாயிருச்சு டீச்சர்."

டீச்சர் வாசித்துக்கொண்டே இடது கையை நீட்டி இரண்டையும் மறுபடி முழுசாகத் திருகினார். விளக்கு எரிந்தது.

மேடைப் பழக்கம் விடவில்லை என்று கோட்டைச்சாமி நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பாடம். மேல் கட்டைகளில் மெதுவாக வாசிக்க வேண்டிய ஒரு மெட்டு. விரல்கள் வலக்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்த டீச்சர் கேட்டார்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

அவர் நிறுத்தவில்லை. விரல் இன்னும் கட்டையில்தான் இருந்தது. அறையில் ஸ்வரமும் இருந்தது.

"விரல் வழுக்கிருச்சு டீச்சர்" என்றார்.

அன்று இரவு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை டீச்சரின் முன்னால் நின்றார்.

"உள்ளார ஒரு ஜாயிண்ட் லூசா இருந்துச்சு டீச்சர். ஈயம் வச்சுப் பத்த வச்சுட்டேன்."

"புதன்கிழமை வயர்னீங்க."

"அதுவுந்தான்."

"அதுக்கு முன்னாடி பீரோன்னீங்க."

"அதுவும் இருந்துச்சு டீச்சர்."

"அண்ணே, பெட்டியில என்னதான் பழுது?"

கோட்டைச்சாமி ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்தார்.

"டீச்சர், ஒரு விஷயத்தைச் சொன்னா ஒருத்தருக்கு வலிக்கும்னு தெரியுது. சொல்லலாமா, கூடாதா?"

டீச்சர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சிவப்பு விளக்கு அணைகிற வரைக்கும் சத்தத்தைக் குறைத்தார். அவரைக் கீபோர்டின் முன்னால் உட்கார வைத்தார்.

"அடியிலிருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு கட்டையா மெதுவா வாசிங்க. கடைசி வரைக்கும் போகணும். நான் கண்ணை மூடிக்கிறேன். கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருப்பேன்."

அவர் வாசித்தார். டீச்சரின் கை உயர்ந்தே இருந்தது. நடுக்கட்டை தாண்டியது. மேலே போனது. ஓரிடத்தில் கை தயங்கி, மெல்ல இறங்கி மடியில் அமர்ந்தது.

கோட்டைச்சாமி நிறுத்தவில்லை. கடைசிக் கட்டை வரைக்கும் போய்விட்டு விரலை எடுத்தார். அவர் தோளைத் தொட்ட பிறகுதான் டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் எத்தனை இருந்துச்சு?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"எட்டு" என்றார்.

டீச்சர் தலையாட்டினார்.

"போன வருஷம் மதுரையில காது டாக்டரைப் பார்த்துட்டு வந்து நானே எண்ணிப் பார்த்தேன். அப்ப நாலு."

கோட்டைச்சாமி கீபோர்டிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சேதான் பெட்டியைப் பார்க்கச் சொன்னீங்களா டீச்சர்?"

"பெட்டியா இருக்கக் கூடாதான்னு ஒரு ஆசைண்ணே. நீங்க தினம் ஒரு பழுது கண்டுபிடிச்சுச் சொல்லச் சொல்ல, எனக்கும் நம்பிக்கை வந்துக்கிட்டே இருந்துச்சு."

கோட்டைச்சாமி மூக்கை உறிஞ்சினார். டீச்சர் அவரிடம் டம்ளரில் தண்ணீரைக் கொடுத்தார்.

"குடிங்க. நாளைக்கு நீங்க பெட்டிப் பக்கத்துல உக்காரணும். சத்தத்தைக் கூட்டுற திருகு உங்க கையில. நானே சைகை காட்டினாலும் கூட்டாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிறைந்திருந்தது. கோட்டைச்சாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பெட்டிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பத்தில் ஏறியபோதுகூட அவருக்கு உள்ளங்கை இப்படி வியர்த்ததில்லை. டீச்சர் ஸ்டூலைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது பாட்டில் டீச்சர் கட்டைவிரலை உயர்த்தி, கூட்டு என்றார். கோட்டைச்சாமி கூட்டவில்லை. நான்காவது பாட்டில் மறுபடி கேட்டார். அவர் திருகின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். சிவப்பு விளக்கு ஒருதரம்கூட எரியவில்லை. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் பிசிறில்லாமல் போனது. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு கோட்டைச்சாமி வயரைச் சுருட்டினார். கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது. டீச்சருக்கு எதிரே வந்து நின்றுகொண்டு கேட்டார்.

"இன்னைக்கு நீங்க வாசிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா டீச்சர்?"

"கேட்டுச்சே."

"மேல் கட்டையெல்லாமா?"

"எல்லாந்தான்."

"எப்படி டீச்சர்?"

டீச்சர் கீபோர்டின் மேல் துணியைப் போர்த்தினார்.

"மூணாவது பாட்டுல ஒரு தடவை முகம் சுளிச்சீங்க. கடைசிப் பாட்டுல ஒரு தடவை. ரெண்டுமே நான் தப்பா வாசிச்ச இடந்தாண்ணே."