கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு மண்கட்டி

வெகு காலத்துக்கு முன்னே கரட்டூர்ச் சீமையை லிங்கம ராசா என்று ஒருத்தர் ஆண்டார். கெட்டவர் இல்லை. பொறுமைதான் கிடையாது. தான் எழும் முன் சேவல் கூவக் கூடாது என்று ஒருநாள் உத்தரவு போட்டார். மறுநாள், சேவல் ஏன் கூவவில்லை என்று கத்தினார்.

அந்தச் சமயம் கப்பலில் வந்த வெள்ளைக்கார வியாபாரிகள் புகையிலை கேட்டார்கள். ராசாவுக்கு இரண்டு கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

"சோளம், கம்பு, அவரை எதுவும் வேண்டாம். சீமை முழுக்கப் புகையிலை! எருவுக்கு ஆட்டுக்கிடை அடைக்கிறேன், நிலத்தைச் சும்மா போடுகிறேன் என்று ஒரு பருவம்கூட வீணாகக் கூடாது!" என்று ராசா உத்தரவு போட்டார்.

இதைச் சொல்லிக்கொடுத்தது பிரதானி வெங்களப்பன். ராசா வேறு யார் பேச்சையாவது கேட்டால் அந்த ஆளுக்கு வயிறு எரியும்.

முதல் வருஷம் இலை யானைக்காது மாதிரி வந்தது. நாலாம் வருஷம் வெற்றிலை அளவுகூட இல்லை. குடியானவர்கள் இலையை ஒளித்துவிட்டார்கள் என்றார் பிரதானி. முதலில் சிக்கியவன் நல்லண்ணன். எட்டு நாளில் மீதி இலை வராவிட்டால் அவன் வலது கையை வெட்ட உத்தரவானது.

அவன் பெண்டாட்டி பொம்மக்கா சபைக்கு வந்தாள். அழவில்லை.

"சாமி, எங்க வீட்டுக்காரர் இலையை ஒளிக்கலை. இலைதான் எங்க மண்ணைத் தின்னுடுச்சு."

சபை சிரித்தது. "மண் அங்கேயேதானே கிடக்கிறது? ஒரு குழியைக்கூடக் காணோமே!" என்றார் பிரதானி.

"அப்போ ஐயாவே வாங்க. எங்க புகையிலைக் காட்டு நடுவுல ஒரு கட்டி, அதே காட்டு வரப்புல ஒரு கட்டி, உங்க கையாலேயே எடுங்க. நான் தொடமாட்டேன். வரப்புல புகையிலை நட்டதில்லை, புல்லுதான்."

"ஒரே மண் அம்மா அது! வித்தியாசம் இருந்தால் இந்தத் தலையில் ஆட்டுப்புழுக்கை சுமக்கிறேன்."

"சபையில எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

பிரதானியே எடுத்தார், பிரதானியே வெயிலில் காயவைத்தார். நாலாம் நாள், தண்ணீர் நிரப்பிய இரண்டு கண்ணாடிக் கிண்ணத்திலும் அவரே போட்டார்.

காட்டுக்கட்டி புஸ்ஸென்று குமிழி விட்டது. ஓரம் உதிர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் வெறும் சேறு.

வரப்புக்கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. கட்டியிலிருந்து முடியை விட மெல்லிய வேர்கள் விரிந்து மெதுவாக அசைந்தன. ராசா குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

பிரதானி விடவில்லை. "வரப்பு மிதிபட்டு இறுகினது! அதனால்தான்!"

"அப்படின்னா காட்டு மண்ணைக் குழைச்சு நீங்களே மிதிங்க, ஐயா. இறுகட்டும்."

அன்று முழுக்கப் பிரதானி மிதித்தார். நன்றாக இறுகிய கட்டி, செங்கல் மாதிரி காய்ந்தது. எட்டாம் நாள் காலையில் தண்ணீரில் விழுந்தது. அதுவும் கரைந்தது.

"அந்த இன்னொரு கட்டியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?" ராசாவின் குரல் இறங்கியிருந்தது.

"உசுருதான் சாமி. வேரு, மக்கின தழை, சாணி, புழு, எல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கு. நடுக்காட்டுல அது செத்துப்போச்சு. அடுத்த மாசம் மழை. உங்க சீமை முழுக்க இப்போ அந்தச் சேத்துக்கட்டிதான்."

ராசா சாளரத்துக்குப் போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவந்த வெற்றுக்காடு. இவ்வளவு பெரிய கட்டி தண்ணீருக்குக் காத்துக்கிடக்கிறது.

"உடனே சரியாக வேண்டும் என்று உத்தரவு போடட்டுமா?"

"போடுங்க. மண்ணு கேக்கணுமே!"

யாரும் சிரிக்கவில்லை, ராசாதான் சிரித்தார். நல்லண்ணன் இரண்டு கையோடும் வெளியே வந்தான். புகையிலை உத்தரவு கிழிந்தது. அரண்மனை ஆடெல்லாம் குடியானவர் காட்டில் கிடை அடைந்தன. ஆடு போகாத காட்டுக்குப் புழுக்கைக்கூடை பிரதானி தலையில் போனது.

அந்த வருஷ மழைக்கு ஓடை சிவப்பாகத்தான் ஓடியது. ராசா குடையைத் தள்ளிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, தன் சீமை தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.